கூரைக்கு அந்தப் பக்கம் விழுந்த பொட்டலம்

எங்கள் கட்டடத்தில் டயாபர் கட்டும் குழந்தை ஒன்றுதான் இருந்தது. அது என் மகள். அதனால் பக்கத்து மனைக்காரம்மா ஒரு கறுப்புக் கவரைக் குச்சியில் மாட்டித் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கேட்டில் நின்றபோது, அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே கீழே இருந்த எல்லாரும் எங்கள் பால்கனியை நிமிர்ந்து பார்த்துவிட்டார்கள். நானும் பார்த்தேன். மகளின் சட்டைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.

அது போன ஆடி மாதம். பெருங்களத்தூரில் ஜிஎஸ்டி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது அந்தக் கட்டடம். கீழே கார் நிறுத்தம், மேலே மூன்று மாடி. கிழக்குப் பக்கம் முதல் மாடியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். எங்களுக்கு மேலே இரண்டாம் மாடி வீடு பூட்டியே கிடக்கும், சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். அதற்கும் மேலே மூன்றாம் மாடியில் அசோசியேஷன் செக்ரட்டரி. எங்கள் சுவரை ஒட்டிய மனை இந்த ஊரின் பழைய குடும்பம் ஒன்றுக்குச் சொந்தம். அங்கே சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு கொட்டகை, அதற்குப் பின்னால் ஒரு வேப்பமரம், மரத்தடியில் அம்மன். ஆடியில் காப்புக் கட்டிக் கூழ் ஊற்றுவார்கள். அந்த அம்மன் பக்கத்தில்தான் மூன்றாவது முறையாகப் பொட்டலம் கிடந்திருக்கிறது.

"இன்னாம்மா இது? ஆத்தாவுக்குக் காப்பு கட்டிகீது. வூட்ல கவுச்சிகூட ஆக்காம கெடக்கறோம். நீ இன்னாடான்னா கொழந்த பீத்துணிய எடுத்து ஆத்தா தலைல போடறே?"

"அக்கா, நான் போடலை. நாங்க பேப்பர்ல சுத்தி குப்பை வண்டிலதான் போடறோம்."

"அப்ப வேற யாரு வூட்ல கொழந்த கீது? சொல்லு, அங்க போய்க் கேக்கறேன்."

 அவர் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். "உங்க சாமி இல்லன்னா இன்னா வோணா பண்ணலாமா?" என்று கேட்டார். முந்தின வாரம்தான் அவர் வீட்டு முருங்கைக்கீரையை எனக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.

செக்ரட்டரி கீழே இறங்கி வந்தார். ஓய்வு பெற்றவர். குப்பை போட வந்தால்கூடச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டுதான் வருவார். "நான் விசாரிக்கறேன்மா, நீங்க போங்க" என்று அந்த அம்மாவை அனுப்பிவைத்தார். மதியம் குடியிருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் செய்தி வந்தது: 'சில வாடகைதாரர்களின் பொறுப்பற்ற செயலால்...' என்று ஆரம்பித்தது. அந்தக் கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் நாங்கள் மட்டும்தான்.

சாயங்காலம் ஹவுஸ் ஓனர் போன் செய்தார். கோபப்படவில்லை. "ஞாயித்துக்கிழமை மீட்டிங் வெக்கறாங்களாம். அவங்க வேணாம்னு சொல்லிட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. வேற வீடு பாத்துக்கோங்க" என்றார்.

அந்த வீடு போனால் எனக்கு வேலையும் போகும். தாம்பரத்தில் நான் இயற்பியல் சொல்லிக்கொடுத்த பள்ளியில் திரும்பச் சேரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் ஒன்று. எங்கெங்கோ அலைந்து, மகள் அழாமல் உட்கார்ந்த ஒரே இடம் அது. வீடு, காப்பகம், ஸ்டேஷன் மூன்றும் நடக்கும் தூரத்தில் இருந்ததால்தான் நான் சரி என்று சொல்லியிருந்தேன். வேறு எங்கு போனாலும் அந்தக் கணக்கு வராது.

முதலில் நான் சந்தேகப்பட்டது என் கணவரை. காலையில் குப்பையைக் கீழே கொண்டுபோவது அவர் வேலை. கல்லூரியில் கிரிக்கெட் ஆடியவர். சோம்பேறியும்கூட.

"உண்மையைச் சொல்லுங்க. நீங்க தூக்கிப் போட்டீங்களா?"

"எதை?"

"அதைத்தான்."

"ஏய், நான் டீமுக்குத் தண்ணி பாட்டில் தூக்கினவன். அவ்ளோ தூரம் எறியற கை இருந்தா ஏன் ஐ.டி.ல உக்காந்திருக்கேன்?"

சிரித்தார். அவர் சிரித்ததும் என் சந்தேகம் கூடியது. அடுத்த நாள் அவர் குப்பையோடு இறங்கும்போது மாடிப்படி வளைவில் நின்று எட்டிப் பார்த்தேன். அவர் ஒழுங்காகத்தான் கொண்டுபோய்ப் போட்டார். நான் பார்ப்பது தெரிந்து போட்டாரோ என்று நினைத்தேன். பிறகு என்மேலேயே சந்தேகம் வந்தது. தூக்கமில்லாத ஒரு விடியற்காலையில், அரை நினைவில், நானே ஒரு தடவை எறிந்திருப்பேனோ? இல்லை என்று எனக்குத் தெரியும். தெரியும் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

மகள் அப்போது எதைக் கையில் கொடுத்தாலும் எறியும் வயதில் இருந்தாள். நாற்காலியில் உட்கார்த்திவைத்து ஊட்டினால் கரண்டியைப் பிடுங்கி வீசுவாள், அது விழுந்த இடத்தை எட்டிப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். எடுத்துக் கொடுத்தால் மறுபடி வீசுவாள். ஒரு தடவை வீசுவாள். ஒரு தடவை வெறுமனே விரலை விட்டுவிடுவாள். இரண்டு தடவையும் கரண்டி தரையில் படும் சத்தம் ஒரே மாதிரிதான், அதே நேரத்துக்குள்தான் கேட்டது.

வகுப்பில் நான் இதை இரண்டு சாக்பீஸ் துண்டுகளை வைத்துச் செய்து காட்டுவேன். மேசை விளிம்பிலிருந்து ஒன்றைச் சுண்டிவிடுவேன், ஒன்றை அப்படியே நழுவவிடுவேன். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொடும். பிள்ளைகள் நம்பமாட்டார்கள். "மிஸ், சீட்டிங். திருப்பிப் போடுங்க" என்பார்கள். கையை விட்ட அந்தக் கணத்திலேயே பூமி இழுக்க ஆரம்பித்துவிடுகிறது என்று சொல்வேன். பக்கவாட்டில் எவ்வளவு பலமாக வீசினாலும் பொருள் தூரமாகத்தான் போகும். காற்றில் கூடுதல் நேரம் நிற்காது. நேரத்தைக் கொடுப்பது உயரம். தூரத்தைக் கொடுப்பது கை.

கரண்டியைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போனேன். அங்கே நின்று பார்த்தால் வேப்பமரத்தின் தலை தெரிந்தது, அடி தெரியவில்லை. கொட்டகையின் கூரை மறைத்தது. நான் நேராக எதையாவது வீசினால் அது இறங்கிக்கொண்டே போய் அந்தக் கூரையில்தான் மோதும். கூரையைத் தாண்ட வேண்டுமானால் மேல்நோக்கி எறிய வேண்டும். என் தலைக்கு மேலேயோ இரண்டாம் மாடி பால்கனியின் தளம். ஆனால் மூன்றாம் மாடியிலிருந்து அதே கை, அதே வீச்சு என்றால்? விழ இன்னும் நேரம் இருக்கும். அந்த நேரத்தில் பொட்டலம் கூரைக்கு மேலே கடந்துபோய், சாய்வாக மரத்தடியில் இறங்கிவிடும்.

இரண்டாம் மாடி பூட்டியிருந்தது. மூன்றாம் மாடியில் செக்ரட்டரியும் அவர் மனைவியும். அந்த வீட்டில் குழந்தை இல்லை.

அதனால் என் கணக்கு தப்பு என்று முடிவு செய்தேன். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது, கவர் காற்றில் உப்பி மிதந்திருக்கலாம். கணவரிடம் சொன்னேன். "செஞ்சு பாத்துடலாமே" என்றார். அன்றைக்கு அது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. ஒரு புது டயாபரைத் தண்ணீரில் ஊறவைத்து, பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டுக் கட்டினேன். கிழக்குப் பக்கம் எறிய முடியாது என்பதால் பின்பக்கம், சமையலறையை ஒட்டிய சின்ன பால்கனியிலிருந்து எறிவதாக ஏற்பாடு. உயரம் ஒன்றுதான். விழும் இடத்தைச் சாக்பீஸால் குறிக்க அவர் கீழே போனார்.

முதல் தடவை சரியாக விழுந்தது. அவர் குறித்துக்கொண்டு பொட்டலத்தை மேலே போட்டார். இரண்டாவது தடவை நான் முழு பலத்தோடு வீசினேன். அது போய் விழுந்தது, மூலையைத் திரும்பி வந்த செக்ரட்டரியின் காலடியில்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "என்னம்மா இது?"

"சார், சும்மா டெஸ்ட் பண்ணிப் பாத்தோம்."

"எதை?"

தரையில் குந்தி உட்கார்ந்திருந்த என் கணவர், "புவியீர்ப்பு சார்" என்றார்.

செக்ரட்டரி போனை எடுத்து மூன்று படம் பிடித்தார். பொட்டலம், என் கணவரின் கையில் சாக்பீஸ், மேலே நான். நாங்கள் கதவைச் சாத்துவதற்குள் அவை குழுவில் வந்துவிட்டன. நான் எவ்வளவு விளக்கி எழுதினாலும் அது சாக்கு மாதிரியே இருந்தது. எழுதி எழுதி அழித்தேன். நான் எறியவில்லை என்று காட்டுவதற்காக எறிந்தேன் என்பதை எப்படி எழுதினாலும் பைத்தியக்காரத்தனமாகத்தான் படிக்க முடியும்.

ஆனால் ஒரு விஷயம் என்னை விடாமல் அரித்தது. மனைக்காரம்மா அந்தக் கவரைக் குச்சியில் தூக்கி வந்தார். சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். செக்ரட்டரியோ படம் எடுத்த பிறகு என் பொட்டலத்தைக் கையாலேயே எடுத்துக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டார். பிரித்துப் பார்க்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. அடிப்பக்கம் உள்ளங்கை கொடுத்து, ஒழுகிவிடாமல், பழகினவர் தூக்குவதுபோல் தூக்கினார்.

வெள்ளிக்கிழமை மகளை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, எங்கள் தெருக் கடையில் கிடைக்காத ஒரு சொட்டு மருந்துக்காக இரும்புலியூரில் ஒரு மெடிக்கலில் நின்றேன். எனக்கு முன்னால் செக்ரட்டரி நின்றுகொண்டிருந்தார். எங்கள் தெருமுனையிலேயே மெடிக்கல் இருக்க, இவர் ஏன் இவ்வளவு தூரம் வந்தார் என்று யோசிப்பதற்குள் கடைக்காரப் பெண் உள்பக்கம் திரும்பிக் கத்தினார்:

"அண்ணா, பெரியவங்க டயாபர் லார்ஜ் இருக்கா பாருங்க! சார் எப்பவும் எடுப்பாரே, அது!"

அவர் திரும்பினார். நான். என் தோளில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல ஒரு சொந்தக்காரர்மா. வயசானவர்" என்றார்.

"ஓ, சரிங்க சார்."

"வரட்டுமா?" என்றவர் மீதிச் சில்லறையைக்கூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார். சித்திரையில் அவருக்கு ஏதோ சின்ன ஆபரேஷன் என்று அவர் மனைவி லிஃப்டில் சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வீட்டில் சொன்னேன். கணவர் எழுந்தே நின்றுவிட்டார். "போட்டோ எடுத்தியா?"

"இல்லை."

"ஏன் எடுக்கலை? அவர் எடுத்தாரே!"

"நிஜமாவே சொந்தக்காரருக்கா இருந்தா?"

"எப்பவும் எடுப்பாருன்னு கடைக்காரங்களே சொல்றாங்க."

"சொந்தக்காரருக்கும் எப்பவும் எடுக்கலாம்ல?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சுக்குப் போகவில்லை. கார் நிறுத்தத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மனைக்காரம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் சாக்பீஸால் தரையில் கட்டடத்தையும் கொட்டகையையும் மரத்தையும் வரைந்து, முதல் மாடியிலிருந்து ஒரு வளைகோடு போட்டேன். கோடு கோணலாக வந்தது. வகுப்பில் ஒருநாளும் அப்படி வந்ததில்லை.

"இன்னாமா, கோலம் போடறியா?" என்றார் மனைக்காரம்மா. எல்லாரும் சிரித்தார்கள்.

"இல்லக்கா, இங்கேருந்து எறிஞ்சா..."

"அத்தெல்லாம் எனக்கு இன்னாத்துக்கு? எறி. நீயும் எறி, உன் வூட்டுக்காரரும் எறியட்டும். நான் ஆத்தாகிட்ட நின்னு பாக்கறேன். புச்சுதானே? மஞ்சத்தண்ணில நனைச்சு எடுத்துனு வா. அது போதும்."

ஒரு புது டயாபர் மஞ்சள் தண்ணீரை மொத்தமாகக் குடித்துக் கனத்தது. பாதிப் பேர் சுவரோரம், பாதிப் பேர் மரத்தடியில். நான் பால்கனியிலிருந்து வீசினேன். கூரையில் 'தொம்' என்று விழுந்து, எங்கள் பக்கமே சரிந்து இறங்கியது. கணவர் வீசினார். இன்னும் பெரிய சத்தம், அதே கூரை. "மேலாக்க எறிங்க சார்!" என்று யாரோ கத்த, அவர் மேலே தூக்கி எறிந்தார். பொட்டலம் தலைக்கு மேலிருந்த தளத்தில் மோதி, என் துணிக்கொடியிலேயே விழுந்தது. மனைக்காரம்மாகூடச் சிரித்துவிட்டார். பிறகு கண்ணை மேலே உயர்த்தினார்.

"சரி. அப்ப மேல?"

எல்லாரும் மூன்றாம் மாடியைப் பார்த்தார்கள். செக்ரட்டரி உடனே, "ஏன், எங்க வீட்லேருந்தும் பாத்துடலாம். சந்தேகம்னு வந்தா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மேலே போனார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே சுவரோரம் நின்றேன்.

அவர் பால்கனியில் தெரிந்தார். பின்னால் அவர் மனைவி, முந்தானை நுனி வாயில். அவர் கையைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டினார். விரல்களைத் திறந்தார்.

அவர் வீசவில்லை. அது சுவரை ஒட்டி நேராக வந்து, எங்கள் பக்கத்துத் தரையிலேயே விழுந்து வெடித்தது. மஞ்சள் தண்ணீர் என் காலில் தெறித்தது.

"பாத்தீங்களா? இங்கேருந்தும் அங்க போகலை" என்றார் மேலிருந்து.

"ஆமா, போகலையே" என்றார்கள் சிலர். "அப்ப இவங்க மொட்டை மாடிக்குப் போய்ப் போட்டிருப்பாங்க" என்றது ஒரு குரல். யார் என்று திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"வீசுங்க சார்." இரண்டு சொல். அதை மட்டும் நான் சொல்லியிருந்தால் போதும். சுண்டிவிடச் சொன்னால் சாக்பீஸை வெறுமனே நழுவவிட்டு ஏமாற்றப் பார்த்த பிள்ளைகளை நான் எத்தனை தடவை பிடித்திருக்கிறேன். அவர் இத்தனை தலைகளைத் தாண்டி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை அன்றைக்கும் உள்ளே விடப்பட்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். மகள் என் கன்னத்தில் தட்டினாள். நான் மூடிக்கொண்டேன்.

அவருக்கு அது போதுமாக இருந்தது. "மொட்டை மாடி சாவி என்கிட்டதான் இருக்கு. யாரும் போகலை" என்று உரக்கச் சொன்னார். "தெருநாய் வேலையாத்தான் இருக்கணும். குப்பைத் தொட்டிக்கு மூடி போட்டுடலாம். வாடகைதாரர் விஷயத்தை இதோட க்ளோஸ் பண்ணிக்கலாம்."

மனைக்காரம்மா இன்னும் கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாய்தான் போல. எந்த நாயோ!" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம் கூழ் ஒரு தூக்குப் பாத்திரம் நிறைய எங்களுக்கு வந்தது.

நான் பேசாமல் இருந்தது இரக்கத்தாலா, பயத்தாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் எங்களைக் காப்பாற்றியது நன்றியாலா, பேரத்தாலா என்பதும் தெரியாது. அன்று சாயங்காலமே அவர் எங்கள் கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை.

"பாப்பாவோடதை நீங்க எப்படிம்மா போடறீங்க? அந்தக் குப்பை வண்டிக்காரம்மா ஒவ்வொண்ணா தூக்கிப் பாத்து, இது யாரு வூட்டுதுன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கேக்குதே."

கேட்டுவிட்டு எங்கள் செருப்பு அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக அவர் எப்படி நாளைக் கழித்தார் என்பது எனக்கு அந்தக் கேள்வியில் தெரிந்துவிட்டது.

"எங்க வாசல்ல வெச்சிடுங்க சார். எங்களோடதோட போயிடும்."

தலையை மட்டும் ஆட்டினார். மறுநாள் காலை எங்கள் பொட்டலத்தின் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. எங்களுடையது தமிழ்ப் பேப்பரில், அது இங்கிலீஷ் பேப்பரில். நானே இரண்டையும் கீழே கொண்டுபோனேன். வண்டிக்காரம்மா தூக்கிப் பார்த்தார். "இன்னாக்கா, பாப்பாவுக்கு இன்னாதான் குடுக்கறே? இம்மாம் கனம் கனக்குது!" என்று தெருவுக்கே கேட்கக் கேட்டார். "நிறைய தண்ணி குடிக்கறா" என்றேன்.

வாடகை ஒப்பந்தம் சத்தமில்லாமல் புதுப்பிக்கப்பட்டது. நான் பள்ளிக்குப் போக ஆரம்பித்தேன். காலை அவசரத்தில் குப்பையோடு இறங்க முடியாததால் வண்டிக்காரம்மாவே மாடிக்கு வந்து எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தோம். மேலேயிருந்து எப்போதாவது தீபாவளிப் பலகாரம், மகளுக்குப் பலூன் என்று வரும். வரும்போதெல்லாம் இது எதற்கு என்று கணவரைக் கேட்பேன். "பலூன், பலூனுக்குத்தான்" என்பார் அவர்.

இப்போது மகள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறாள், பகலிலும் சரி, இரவிலும் சரி. பொங்கலுக்கு முன்பே அவளுக்கு டயாபர் நின்றுவிட்டது. அதை நான் என் அம்மாவிடம் சொன்னேன். இந்தக் கட்டடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் மேலிருந்து வரும் ஒற்றைப் பொட்டலத்தை நானே தமிழ்ப் பேப்பரில் இன்னொரு சுற்றுச் சுற்றி வாசலில் வைக்கிறேன்.

நேற்று வண்டிக்காரம்மா வந்த நேரம் பார்த்து மகள் வெறும் ஜட்டியோடு வாசலுக்கு ஓடி வந்தாள். அவர் அவளைப் பார்த்தார், பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாக்கா, பாப்பா ஜட்டி போட்டுகினு ஓடுது. இன்னும் இது இன்னாத்துக்கு?"

"ராத்திரிக்கு மட்டும்" என்றேன்.

 அவர் பொட்டலத்தை உள்ளங்கையில் இன்னொரு முறை கனம் பார்த்தார். படியில் ஒருமுறை நின்று, மேல் மாடியைப் பார்த்துவிட்டு இறங்கினார். நான் மகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.